பழைய வீட்டைச் சூடாக்க பெல்லட் பாய்லர்: எந்த வீட்டுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

குளிர் கடுமையான இடங்களில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். எண்ணெய் பாய்லருக்கு வயதாகிவிட்டது. எரிவாயுக் குழாய் அந்தப் பக்கம் வரவில்லை. சுவரோ தடித்த கல், அல்லது நடுவே இடைவெளி விடாமல் கட்டிய செங்கல். அடுத்து என்ன வைப்பது? வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் வையுங்கள் என்பார் ஒருவர். பழைய வீட்டில் அது எடுபடாது, பெல்லட் பாய்லர்தான் சரி என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டு பேருமே வீட்டைப் பார்க்காமல்தான் சொல்லியிருப்பார்கள்.

என் கருத்தில் இங்கே முடிவைச் சொல்ல வேண்டியது வீடுதான். அதனிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும். மிகக் குளிரான நாளில், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குள் எவ்வளவு சூடான தண்ணீர் ஓடினால் வீடு கதகதப்பாக இருக்கிறது? வருடத்துக்கு ஆறு டன் எரிபொருளை லாரியிலிருந்து இறக்கி, ஈரம் படாமல் வைக்க இடம் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதித் தேர்வுகள் தானாகவே உதிர்ந்துவிடும்.

முதலில் பெல்லட் பற்றிக் கொஞ்சம். மர அறுவை ஆலைகளில் மிஞ்சும் தூளையும் சீவலையும் உலர்த்தி, அச்சுத் துளைகள் வழியாக அழுத்தித் தள்ளி எடுக்கும் சின்ன உருளைகள் இவை. வீட்டு பாய்லருக்கான பெல்லட்டின் விட்டம் 6 அல்லது 8 மில்லிமீட்டர். அழுத்தத்தில் எழும் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகி, ஆறியதும் துகள்களைப் பிணைத்துவிடும். ஐஎஸ்ஓ 17225-2 தரநிலையின் ஏ1 வகுப்பில் ஈரம் 10 சதவீதத்தையும் சாம்பல் 0.7 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. என்பிளஸ் ஏ1 என்ற முத்திரை இருந்தால், அந்தத் தரத்துக்கு உட்பட்டது, விற்பனைச் சங்கிலி முழுவதும் சோதனைக்கு உட்படுகிறது என்று அர்த்தம். ஒரு கிலோவில் சுமார் 4.8 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. ஒரு கன மீட்டர் இடத்தில் சுமார் 650 கிலோ கொள்ளும். இரண்டு கிலோ பெல்லட் ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சமம். கணக்கு போட இந்த எண்கள் போதும்.

வருடத்துக்கு 24,000 கிலோவாட் மணி வெப்பம் கேட்கும் ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். மிகக் குளிரான நாளில் அதன் உச்சத் தேவை ஏறக்குறைய 12 கிலோவாட் இருக்கும். பாய்லரின் ஆண்டுச் சராசரித் திறன் 85 சதவீதம் என்று வைத்தால், தேவைப்படும் பெல்லட் 5.9 டன். அதற்கு வேண்டிய இடம் 9 கன மீட்டர். மிஞ்சும் சாம்பல் வருடம் முழுவதற்கும் 30 கிலோ அளவில்தான். இதே வெப்பத்துக்கு எண்ணெய் என்றால் சுமார் 2,700 லிட்டர். உங்கள் வீட்டின் எண் எது என்பதைப் பழைய எண்ணெய் ரசீதுகளே சொல்லிவிடும்: மூன்று வருட லிட்டர்களின் சராசரியை எடுத்து 10ஆல் பெருக்கி, பழைய பாய்லரின் திறனுக்காக 0.8 அல்லது 0.85ஆல் பெருக்குங்கள். வீட்டுக்குள் உண்மையில் போய்ச் சேர்ந்த வெப்பம் அது.

விலைகள் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் இங்கே எந்த விலையும் சொல்லப் போவதில்லை. ஒப்பிடும் வழியை மட்டும் சொல்கிறேன். வீட்டுக்குள் வந்து சேரும் ஒரு கிலோவாட் மணி வெப்பத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்க்க வேண்டும். பெல்லட் என்றால் ஒரு கிலோவின் விலையை 4ஆல் வகுங்கள். எண்ணெய் என்றால் லிட்டர் விலையை 9ஆல். எல்பிஜி என்றால் லிட்டர் விலையை 6ஆல். ஹீட் பம்ப் என்றால் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையை 3ஆல் வகுத்துப் பாருங்கள். நன்றாக அமைந்த வீட்டில் 3.5, மோசமாக அமைந்ததில் 2.5. நான்கு எண்களையும் ஒரே தாளில் எழுதி வைத்தால், விற்பனையாளர் காட்டும் வண்ண வரைபடம் அப்புறம் தேவையே இல்லை.

பெல்லட் விலை எப்போதும் நிலையாக இருக்கும் என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். 2006இல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அது திடீரென்று ஏறியது. 2022இல், ரஷ்ய மரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்ட பிறகு, ஐரோப்பாவின் பல பகுதிகளில் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. பின்னால் இறங்கவும் செய்தது. எண்ணெயைவிட ஆட்டம் குறைவு என்பது நீண்ட கால நோக்கில் பொதுவாக உண்மைதான். ஆட்டமே இல்லை என்பது உண்மையில்லை. பெரிய சேமிப்பறை வைத்திருப்பவருக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு: விலை இறங்கும் கோடையில் வருடத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் நிரப்பிக்கொள்ளலாம்.

மற்ற வழிகளுக்குப் போகும் முன் வெப்பக்காப்பைப் பேசியாக வேண்டும். 12 கிலோவாட் கேட்கும் வீட்டுக்கு 12 கிலோவாட் பாய்லரைப் பூட்டிவிட்டு, இரண்டு வருடம் கழித்துப் பரணில் காப்புப் பஞ்சு விரித்து, இடுக்குகளை அடைத்துத் தேவையை 8 கிலோவாட்டுக்கு இறக்கினால், பாய்லர் அளவுக்கு மிஞ்சியதாகிவிடும். பெல்லட் பாய்லர் பொதுவாகத் தன் முழுத் திறனில் 30 சதவீதம் வரைதான் தணிந்து எரியும். அதற்கும் கீழே தேவை போனால் அணைந்து அணைந்து எரிய வேண்டியதுதான். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் சூடான காற்றை ஊதும் மின் பற்றவைப்பான் சில நிமிடம் ஓடும், புகை அதிகமாகும், உட்பாகங்கள் தேயும். எண்ணெய் பாய்லரை அளவுக்கு மிஞ்சி வைத்துப் பழகியவர்கள் இதே பழக்கத்தைப் பெல்லட்டுக்கும் கொண்டுவருகிறார்கள். 12 கிலோவாட் வீட்டுக்கு 25 கிலோவாட் பாய்லர் பரிந்துரைக்கிறார் என்றால், அவர் வெப்பக் கணக்கு போடவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பரணைப் பொறுத்தவரை தயங்க ஒன்றுமில்லை. காப்பே இல்லாத பரணில் 30 சென்டிமீட்டர் பஞ்சு விரிப்பதைப் போலச் செலவுக்கு ஏற்ற பலன் தரும் வேலை பழைய வீட்டில் வேறு இல்லை. சுவர் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் நீராவி புகாத பலகையை ஒட்டினால் ஈரம் உள்ளேயே அகப்பட்டு, மர உத்திரங்களின் முனைகள் மக்கத் தொடங்கும். இதனால்தான் பல பழைய வீடுகளில் சுவர்களை அவசரமாக மூட முடிவதில்லை. பெல்லட் பாய்லரின் வாதத்துக்கு வலு வருவதும் இங்கேதான்.

ஹீட் பம்ப்

பழைய வீட்டில் ஹீட் பம்ப் வேலை செய்யாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு. அது எந்தச் சூட்டில் தண்ணீரைத் தர வேண்டியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து 40 டிகிரிக்கு உயர்த்துவது எளிது; 70 டிகிரிக்கு உயர்த்துவது கடினம். தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி இறக்கினால் மின்செலவு சுமார் 2 முதல் 2.5 சதவீதம் குறையும் என்பது ஒரு நல்ல தோராயக் கணக்கு.

ரேடியேட்டரைப் பொறுத்தவரை இதற்கு நேர் எதிரான கணக்கு. 70 டிகிரி சராசரிச் சூட்டுக்காக அளவெடுத்த ரேடியேட்டரில் 50 டிகிரித் தண்ணீரை விட்டால், அது தரும் வெப்பம் பாதிக்கும் கீழே போய்விடும். அப்படியென்றால் பழைய ரேடியேட்டர் எல்லாம் வீண்தானா? இல்லை. பல பழைய வீடுகளில் ரேடியேட்டர் வைத்தபோது ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள் இருந்தன, பரணில் காப்பு இல்லை. பின்னால் அதெல்லாம் சரிசெய்யப்பட்டும் ரேடியேட்டர் அப்படியே பெரிதாக நிற்கிறது.

காசு செலவில்லாமல் இதைச் சோதிக்கலாம். நல்ல குளிர் நாட்களில், இப்போது இருக்கும் பாய்லரிலிருந்து கிளம்பும் தண்ணீரை 50 டிகிரிக்கு இறக்கி வைத்து, இரவு பகலாக ஓடவிட்டுப் பாருங்கள். அறைகள் சூடாகவே இருந்தால் உங்கள் வீடு ஹீட் பம்புக்குத் தயார். ஒன்றிரண்டு அறை மட்டும் குளிர்ந்தால் அங்கே பெரிய ரேடியேட்டர் போட்டால் போதும். வீடு முழுவதும் குளிர்ந்து, 65 டிகிரிக்கு ஏற்றினால்தான் சரியாகிறது என்றால் பெல்லட்டை உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நேரம். (குளிக்கவும் கழுவவும் வெந்நீர் தரும் தொட்டி தனியாக 60 டிகிரியில் இருக்கட்டும், அதைக் குறைக்க வேண்டாம். லெஜியோனெல்லா கிருமி வெதுவெதுப்பான தண்ணீரில்தான் பெருகும்.)

நம் உதாரண வீட்டில், 55 டிகிரி தண்ணீர் கேட்கும் நிலையில் காற்று ஹீட் பம்ப் வருடத்துக்கு 8,500 யூனிட் அளவில் மின்சாரம் எடுக்கும். 45 டிகிரி போதுமென்றால் 7,000க்கும் கீழே வரும். சேமிப்பறை இல்லை, சாம்பல் இல்லை, புகைபோக்கி இல்லை. நிலத்தடிக் குழாயோடு கூடிய ஹீட் பம்ப் இன்னும் குறைவாகவே எடுக்கும், ஆனால் தோட்டத்தைத் தோண்ட வேண்டும் அல்லது ஆழ்துளை போட வேண்டும். சோதனையில் தேறிய வீட்டுக்கு நான் தயங்காமல் ஹீட் பம்பையே சொல்வேன். அங்கே போய்ப் பெல்லட் வைப்பது தேவையில்லாத சுமை.

விறகு பாய்லர், மூட்டைப் பெல்லட், எண்ணெய்

விறகைக் குறைந்த காற்றில் வாயுவாக்கி எரிக்கும் நவீன விறகு பாய்லர் திறமையான கருவி. சொந்தத் தோப்பு இருப்பவருக்கு எரிபொருள் செலவு உழைப்பு மட்டும்தான். ஆனால் உதாரண வீட்டுக்கு 7 முதல் 8 டன் உலர்ந்த விறகு வேண்டும், அதுவும் இரண்டு கோடை காய்ந்திருக்க வேண்டும். அதாவது எந்த நேரத்திலும் 30 கன மீட்டருக்கு மேல் அடுக்கி வைத்திருக்க வேண்டும். கூடவே, ஒரே மூச்சில் எரியும் நெருப்பின் வெப்பத்தைச் சேர்த்து வைக்கப் பெரிய தண்ணீர்த் தொட்டி தேவை. யாராவது தினம் விறகு போட வேண்டும். முதுமையையும் உடல்நிலையையும் மனதில் வைத்துத்தான் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 55 வயதில் உற்சாகமாகத் தொடங்குவது 70 வயதில் தண்டனையாகிவிடும்.

மூட்டையில் வரும் பெல்லட்டைக் கையால் நிரப்பும் பாய்லர் ஒரு நடுவழி. மூட்டை 15 கிலோ. நம் வீட்டுக்கு வருடத்துக்கு 390 மூட்டை. குளிர் உச்சத்தில் ஒரு நாளைக்கு ஐந்து மூட்டை வரை போகும். சின்ன வீட்டுக்கு, அல்லது வாரக் கடைசியில் மட்டும் தங்கும் வீட்டுக்கு இது சரி. நிரந்தரமாக வசிக்கும் பெரிய வீட்டுக்கு யானையைக் கட்டித் தீனி போடுவது போலத்தான். முதல் குளிர்காலம் முடிவதற்குள் மொத்தமாக நிரப்பும் அறையை வைத்திருக்கலாமே என்று தோன்றிவிடும்.

எண்ணெயிலேயே இருப்பதும் ஒரு தேர்வுதான், அதை யாரும் விற்க வராததால் பேசப்படுவதில்லை. பாய்லருக்கு ஐந்தாறு வயதுதான், நல்ல நிலையில் ஓடுகிறது என்றால், அதைக் கழற்றி எறியும் பணத்தைப் பரணுக்கும் ஜன்னல் இடுக்குகளுக்கும் செலவழித்துவிட்டு, ஐந்து வருடம் கழித்துச் சின்னதாக ஒன்றை வைப்பது புத்திசாலித்தனம். புதைபடிவ எரிபொருளை எரிப்பதை நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முதலில் காப்பைச் செய்தாலே எரியும் எண்ணெய் உடனே குறைகிறது, அடுத்த கருவியும் சரியான அளவில் அமைகிறது.

சேமிப்பறை: முடிவு இங்கேதான்

மொத்தமாக வரும் பெல்லட், டேங்கர் லாரியிலிருந்து காற்றழுத்தத்தில் குழாய் வழியாக ஊதப்பட்டு அறைக்குள் போகிறது. லாரி நிற்கும் இடத்துக்கும் அறைக்கும் நடுவே குழாய் 30 மீட்டருக்குள் இருப்பது நல்லது. தூரமும் வளைவுகளும் கூடக் கூடப் பெல்லட் உடைந்து தூளாகும். தூள் அறையின் அடியில் படிந்து, பாய்லருக்கு ஊட்டும் திருகுத் தண்டை அடைக்கும். பழைய வீடுகள் இருக்கும் இடங்களோ ஒடுங்கிய சந்துகள், வளைந்த நுழைவாயில்கள், தாழ்ந்த கிளைகள். நிரப்பிய டேங்கர் 18 டன்னும் அதற்கு மேலும் இருக்கும், உயரம் 4 மீட்டரை நெருங்கும். வாசலில் உள்ள சின்னப் பாலம் அந்த எடையைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். லாரி வர முடியாத வீட்டுக்கு மொத்தப் பெல்லட் கிடையாது, அவ்வளவுதான்.

அறையின் அளவுக்கு ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கிறது: ஒரு கிலோவாட் உச்சத் தேவைக்கு 0.9 கன மீட்டர் அறை. இரண்டு பக்கமும் சரிவுப் பலகை வைத்து நடுவில் திருகுத் தண்டு ஓடும் அறையில், மூன்றில் இரண்டு பங்கு இடம்தான் பெல்லட்டுக்குக் கிடைக்கும். சரிவு 40 முதல் 45 டிகிரி இருக்க வேண்டும். குறைந்தால் பெல்லட் வழுக்கி இறங்காமல் அப்படியே நின்றுவிடும். நம் வீட்டின் வருடத் தேவையான 9 கன மீட்டரை ஒரே தடவையில் வைக்க 2 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, 2.3 மீட்டர் உயரத்தோடு வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை நிரப்பலாம் என்றால் பாதி போதும். ஆனால் குறைந்த அளவு கொண்டுவர லாரிக்காரர்கள் தனிக் கட்டணம் கேட்பார்கள், அதனால் 3 டன்னாவது ஒரே தடவையில் கொள்ளும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பாய்லருக்குப் பக்கத்து அறையிலேயே இடம் இருந்தால் திருகுத் தண்டு நேரடியாக ஊட்டும். அமைதியானது, கோளாறு குறைவு. இடம் தள்ளி இருந்தால் உறிஞ்சும் குழாய் வைக்கலாம், 20 மீட்டர் வரை இழுக்கும். அது ஓடும்போது தூசு உறிஞ்சும் இயந்திரம் போல இரையும், ஒரு நாளில் சில தடவை, ஒவ்வொன்றும் சில நிமிடம். மரத் தளம் போட்ட பழைய வீட்டில் அந்த ஓசை உத்திரம் வழியாக மாடி வரைக்கும் கேட்கும். இரவில் ஓடாதபடி நேரம் குறித்து வைக்க எல்லா நல்ல பாய்லரிலும் வசதி உண்டு.

பழைய வீட்டில் இயல்பாகக் கண் போவது நிலவறைக்கு. அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பெல்லட்டுக்குத் தண்ணீர் ஜென்மப் பகை. ஈரம் பட்ட பெல்லட் ஊதிப் பெருத்து, மறுபடியும் மரத்தூளாகி, சிமெண்ட் போல இறுகிவிடும். அந்த அறையைக் கொத்திக் கொத்தித்தான் காலி செய்ய வேண்டும். மழைக்காலத்தில் ஓதம் காக்கும் கல் சுவரோடு பெல்லட் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அப்படிப்பட்ட நிலவறைக்கு இரும்புச் சட்டத்தில் தொங்கும் துணித் தொட்டிதான் என் தேர்வு. சுவரைத் தொடாது, தரையைத் தொடாது, சுற்றிலும் காற்று ஓடும். வெள்ளம் ஏறும் இடம் என்றால் நிலவறையை மறந்துவிட்டு வெளியே கொட்டகையில் வையுங்கள். தோட்டத்தில் புதைக்கும் தொட்டியும் கிடைக்கிறது. வீட்டுக்குள் இடமே இல்லாதவர்களுக்கு உதவும், ஆனால் நிலத்தடி நீர் உயரும் இடத்தில் அது மிதந்து எழாதபடி கட்டி வைக்க வேண்டும்.

எடையும் சின்ன விஷயமில்லை. 2 மீட்டர் உயரத்துக்குக் குவிந்த பெல்லட் ஒரு சதுர மீட்டருக்கு 1,300 கிலோ அழுத்தும். மரத் தளம் அதைத் தாங்காது. பக்கச் சுவரையும் அது வெளிப்புறமாகத் தள்ளும். அதிலும் நிரப்பும்போது ஊதும் காற்றின் அழுத்தமும் சேரும். ஒற்றைச் செங்கல் தடுப்புச் சுவரை நம்பி அறை கட்டாதீர்கள்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மரத்தில் உள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றோடு சேர்ந்து மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும்போது கார்பன் மோனாக்சைடு வெளிவருகிறது. நெருப்பே தேவையில்லை, பெல்லட் சும்மா கிடந்தாலே போதும். நிறமும் மணமும் இல்லாத வாயு அது. உற்பத்தியான முதல் சில வாரங்களில்தான் அதிகம் வரும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. 2006இல் ஸ்வீடனின் ஹெல்சிங்போர்க் துறைமுகத்தில் பெல்லட் ஏற்றி வந்த கப்பலில் இதனால் ஒரு மாலுமி இறந்தார். வீட்டுச் சேமிப்பறைகளிலும் இறப்புகள் நடந்திருக்கின்றன. அதன் பிறகுதான் நிரப்பும் குழாயின் வாய்க்குக் காற்றோட்டம் உள்ள மூடிகளும், வீட்டுச் சேமிப்புக்கென்றே ஐஎஸ்ஓ 20023 என்ற தரநிலையும் வந்தன.

ஆகவே அறைக்கு வெளிக்காற்றோடு நிரந்தரத் திறப்பு இருக்க வேண்டும், வீட்டுக்குள் திறக்கும் கதவு காற்றுப் புகாமல் மூட வேண்டும். உள்ளே போக வேண்டியிருந்தால் பாய்லரை அணைத்து, கதவைத் திறந்து வைத்துக் குறைந்தது கால் மணி நேரம் காற்றோட விட்டு, வெளியே ஒருவரை நிறுத்தி, கையில் வாயு அளவுமானியோடு மட்டுமே போக வேண்டும். குழந்தைகள் திறக்க முடியாதபடி பூட்டு அவசியம். புதைத்த தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் நீங்களே இறங்க வேண்டாம்.

நிரப்பும் நாளில் பாய்லரை முன்கூட்டியே அணைத்துவிடுவதும் விதி. எதிர்ச் சுவரில் ரப்பர் விரிப்பு தொங்கினால் வந்து மோதும் பெல்லட் உடையாது. சில நிரப்புதல்களுக்கு ஒரு தடவை, அறை காலியாக இருக்கும் கோடையில், அடியில் படிந்த தூளைச் சுத்தம் செய்யுங்கள். திருகுத் தண்டு நின்றுபோகும் பல கோளாறுகளுக்கு மூலம் இந்தத் தூள்தான்.

பாய்லர் வைக்கும்போது

புகைபோக்கி பற்றி ஒரு வார்த்தை. பழைய செங்கல் புகைபோக்கி அகலமானது, திறந்த அடுப்புக்காகக் கட்டியது. பெல்லட் பாய்லரின் புகை 100 முதல் 150 டிகிரியில்தான் வெளியே போகும். அகலமான குளிர்ந்த புகைபோக்கியில் அது மேலே போவதற்குள் ஆறி, ஈரமாகி, செங்கலில் கறை கசியும். உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கியே ஆக வேண்டும். அந்தச் செலவை முதலிலேயே விலைப்பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

திரும்பி வரும் தண்ணீர் மிகக் குளிர்ந்திருந்தால் பாய்லருக்குள்ளேயே ஈரம் படிந்து அரிக்கும். கண்டென்சிங் வகை (புகையில் உள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் எடுப்பது) அல்லாத பாய்லர்களில் திரும்பும் தண்ணீரை 55 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும் கலப்பு வால்வு வேண்டும். சூடான தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பஃபர் டேங்க் இருந்தால் பாய்லர் நீண்ட நேரம் நிதானமாக எரியும். ஒரு கிலோவாட்டுக்கு 20 முதல் 30 லிட்டர் ஒரு நல்ல தொடக்கம். சில பாய்லர்கள் டேங்க் இல்லாமலும் ஓடும் என்று சொல்லி விற்கிறார்கள். தடித்த கல் சுவரே வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வீட்டில் அது ஓரளவு உண்மை. ஆனாலும் இடம் இருந்தால் டேங்கை விட்டுவிடாதீர்கள்.

கோடையில் குளிக்க மட்டும் வெந்நீர் வேண்டிய மாதங்களில் பாய்லரை ஓட்டுவது வீண். சூரிய வெந்நீர்த் தகடோ தொட்டிக்குள் ஒரு மின் ஹீட்டரோ அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். மின்தடை அடிக்கடி வரும் இடத்தில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பெல்லட் பாய்லர் மின்சாரம் இல்லாமல் ஓடாது. வீட்டில் ஏற்கெனவே ஒரு விறகு அடுப்பு இருந்தால் அதை இடிக்க வேண்டாம்.

தீ பின்னோக்கி எரிந்து சேமிப்பறைக்குப் போகாதிருக்கச் சுழலும் அடைப்பான் போன்ற காப்பு ஒன்று பாய்லரில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஈஎன் 303-5 தரநிலையின் 5ஆம் வகுப்பைச் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். அந்த வகுப்பில் தானாக ஊட்டும் பாய்லரின் புகையில் ஒரு கன மீட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் தூசு இருக்கக் கூடாது. அப்படியும் பெல்லட் புகை எரிவாயுவின் புகையைவிட அழுக்கானதுதான். வீடுகள் நெருங்கி நிற்கும், குளிர்காலத்தில் காற்று தேங்கும் பள்ளத்தாக்கில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அக்கம்பக்கத்தாரின் நுரையீரலும் கணக்கில் வர வேண்டும். கரியமில வாயு விஷயத்திலும் எல்லா பெல்லட்டும் ஒன்றல்ல: பக்கத்து அறுவை ஆலையின் தூளில் செய்ததும், முழு மரங்களை அரைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்ததும் ஒரே கணக்கில் வராது. எங்கே, எதிலிருந்து செய்தது என்று கேட்டு வாங்குங்கள்.

மானியம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். மானியத்துக்காகவே பாய்லர் வைப்பது வேறு. வட அயர்லாந்தில் 2012இல் தொடங்கிய வெப்ப மானியத் திட்டம் எரிபொருள் செலவைவிட அதிகமாகத் திருப்பித் தந்தது. தேவையில்லாமல் எரிக்கத் தூண்டி, 2017 தொடக்கத்தில் அங்கே அரசு கவிழவே காரணமானது. அப்படிப்பட்ட ஏற்பாடுகள் நிலைப்பதில்லை, பாய்லரோ 20 வருடம் இருக்கும்.

ஆக, 50 டிகிரிச் சோதனையில் தோற்ற வீடு, சுவரைச் சீக்கிரம் மூட முடியாத வீடு, லாரி வரும் வழியும் உலர்ந்த அறையும் உள்ள வீடு, சுற்றிலும் ஓரளவு வெளி இருக்கும் வீடு என்றால் மொத்தமாக நிரப்பும் பெல்லட் பாய்லரை மனதார வைக்கலாம். வாரம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பது, சில வாரங்களுக்கு ஒரு தடவை சாம்பல் பெட்டியைக் காலி செய்வது (சுத்தமான மரத்தின் சாம்பல் தோட்டத்துக்கு நல்ல பொட்டாஷ், அளவோடு தூவுங்கள்), வருடத்துக்கு ஒரு தடவை பழுதுபார்ப்பவரை வரவழைப்பது. எண்ணெயைவிட இது கூடுதல் வேலைதான், ஆனால் விறகின் உழைப்பில் ஒரு சிறு பங்கு.

கையெழுத்து போடும் முன் இரண்டு பேரை வீட்டுக்கு வரவழையுங்கள். முதலில் பெல்லட் விற்பவர்: லாரி எங்கே நிற்கும், குழாய் எந்த வழியாகப் போகும் என்பதை நேரில் பார்த்து அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், தொலைபேசியில் அல்ல. முடிந்தால் இரண்டு விற்பனையாளர்கள் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அடுத்து, பாய்லரைப் பழுதுபார்க்கப் போகிறவர். எவ்வளவு தூரத்திலிருந்து வருவார், பற்றவைப்பானையும் திருகுத் தண்டின் மோட்டாரையும் கையிருப்பில் வைத்திருக்கிறாரா, கடுங்குளிரில் எத்தனை நாளுக்குள் வருவார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.